தீந்துச்சுன்னு சொல்லுங்கக்கா

அன்றைக்கு அந்த இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், இருந்தது ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், தோட்டத் தலைவர், அந்த அக்கா. எதிர்க் காம்பரா வீட்டு மருமகள் தன் வாசலில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும், ஆனால் அவளை நான் கூப்பிடவில்லை. மச்சானையும் தலைவரையும் நான்தான் சாட்சிக்கென்று கூட்டிப் போனேன். சாட்சி வேண்டும் என்று அந்த லயத்து வரிசை வீடுகளில் நினைத்த ஒரே ஆள் நான்தான்.

அக்காவின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. எல்லோருக்கும் அவர் பாக்கியக்கா. ஸ்கூலுக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் பாக்கியம் என்பதுதான் பெயர் என்று நம்பித் தன் கல்யாணக் கார்டில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பாக்கி வைக்கிறவளுக்குப் பாக்கியமா? சரி, இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்.”

எந்தக் கணக்கையும் அவர் முழுசாகத் தீர்க்க மாட்டார். கடையில், பஸ்ஸில், கோயில் வரியில், எங்கேயும். ஏமாற்றுகிறவர் இல்லை. கொடுக்க வேண்டியது ஒரு நாளும் கொடுக்காமல் போனதில்லை. ஆனால் கடைசியாக ஒரு சின்னத் துண்டைப் பிடித்து வைத்துக்கொள்வார். அடுத்த முறை அந்தத் துண்டை முதலில் கொடுத்துவிட்டு, புதிதாக இன்னொரு துண்டை நிறுத்துவார்.

நான் தோட்டத்துச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஹட்டனுக்கு அறுநூறு ரூபாய் என்றால் அக்கா ஐந்நூற்று எண்பது தருவார்.

“சில்லற இல்லையாக்கா?”

“இருக்குடா.”

“அப்பக் குடுங்களேன்.”

“குடுத்துட்டா நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒன்ன நிறுத்துறது? அந்த இருவது நிக்கட்டும்.”

நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் யார் யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு நான் எவ்வளவு தர வேண்டும் என்று மண்டைக்குள் ஓடும். ஆட்டோவின் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து படுத்த பிறகு, பார்க்கப் போன நேரத்தில் கதவைச் சாத்தினேனா என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவனுக்கு அக்காவின் இருபது ரூபாய் கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பணமில்லை, கிலோதான் பாக்கி. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எவளாவது கிலோ குறைந்து நின்றால் அவளுக்கு அரைநாள் சம்பளம்தான், அரைப்பேர் என்போம். அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவார். கணக்கப்பிள்ளை முறைப்பார்.

“என்னாங்க பாக்குறீங்க? என் கொழுந்து, எங்கிட்டாவது போடுறேன். ஒங்க தராசுக்கு வலிக்குதா?”

மறுவாரம் அந்தப் பெண் இரண்டு கிலோவைத் திருப்பிக் கொண்டு வந்தால் ஒரு கிலோவை மட்டும் வாங்கிக்கொள்வார். மற்றதை எப்போது கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்திக்குப் பிரசவம் என்றால், இன்னொருத்தியின் மகனுக்குக் காய்ச்சல் என்றால், அந்த ஒரு கிலோப் பாக்கிக்காரிகள்தான் முதலில் வந்து நிற்பார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. அக்கா பார்த்தால் போதும்.

சம்பளத்துக்கு மறுநாள் மலையேறி வரும் புடவைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அக்கா வருஷக்கணக்காக ஐம்பது ரூபாய் நிறுத்தி வைத்திருந்தார். “இந்த அம்பது ரூவாய வாங்கத்தான் மனுசி, நான் இந்த மேட்டுல மூச்சு வாங்கி ஏறி வாறேன்” என்று மூட்டையை இறக்குவார். அக்கா பிளேன்டீ கொடுப்பார். டீ குடிப்பதிலும் அக்காவுக்கு அதே பழக்கம். கோப்பையில் கடைசி ஒரு வாய் எப்போதும் இருக்கும்.

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். என் மனைவிக்குப் பிடிக்காது.

“அது ஒரு தந்திரம். எல்லாரையும் ஒரு நூல்ல கட்டிக் கையில புடிச்சு வச்சிருக்கு. இழுத்தா நாம போகணும்.”

“நல்லதுக்குத்தானடி இழுக்குது.”

“நல்லதுக்கு இழுத்தாலும் இழுக்குறது இழுக்குறதுதான்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டுப்படுவது என்றாலே எனக்குக் கழுத்து இறுகும். அதற்குக் காரணம் உண்டு.

அப்பா செத்தபோது நான் எட்டாம் வகுப்பு. பிரேதம் இஸ்தோப்பில் கிடந்தது. மழை. தப்பு அடிக்கிறவர்கள் லயத்துக் கூரைக்குக் கீழே ஒதுங்கி, தப்பைத் தீயில் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பஜாரிலிருந்து அப்பா சாமான் வாங்கும் கடை முதலாளி குடையோடு வந்தார். மாலை போட்டார், கும்பிட்டார், அழக்கூடச் செய்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, சண்டை போடாத குரலில், “இவரு கணக்க இனி யாரு பேர்ல எழுதுறது?” என்று கேட்டார். பெரிய மாமா கூரையைப் பார்த்தார். நான் “என் பேர்ல எழுதுங்க” என்றேன். அடுத்த மாதம் அந்தக் கடையில் மூட்டை தூக்கப் போனேன். ஸ்கூல் அதோடு சரி.

இதை ஒரு நாள் அக்காவிடம் ஆட்டோவில் சொன்னேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அது கழுத்தப் புடிக்கிற கடன்டா. நான் வைக்கிறது கையப் புடிக்கிறது. பாக்கி இருக்கிற வீட்டுப் பாதையில புல்லு மொளைக்காது.”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

ஆட்டோவை லீசிங்கில் எடுத்திருந்தேன். பெட்ரோலுக்கு வரிசையில் காத்துக் கிடந்த அந்த வருஷத்தில் தவணை தவறியது. லீசிங் ஆள் சிங்களவர், நல்ல பையன்தான். தெரிந்த தமிழில், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, “மல்லி, கோவம் வேணாம், கொஞ்சம் கட்டு, இல்ல சாவி குடு” என்பான். என்னிடம் இருந்த பத்திரத்தில் ஓர் இடத்தில் ‘கடப்பாடு’ என்று இருந்தது. ராத்திரியெல்லாம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடமை தெரியும், கடன் தெரியும். இது இரண்டையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி இருந்தது. காலையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

“கடப்பாடுன்னா என்னாக்கா?”

“நீதானடா படிச்சவன்.”

“எட்டாம் வகுப்புக்கா.”

“நான் மூனு. சொல்லு, என்னா போட்டிருக்கு?”

“கட்டுப்பட்டுக் கெடக்கணும்னு. விட்டுட்டுப் போவ முடியாதுன்னு.”

“அப்ப கல்யாணம்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “எவ்வளவு கொறையுது?”

அறுபதாயிரம். வேலையிலிருந்து நின்றபோது வந்த ஈ.பி.எஃப். பணத்தில் மகளுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்ததை அக்கா பேங்கில் போட்டிருந்தார். மறுநாள் என் ஆட்டோவிலேயே ஹட்டனுக்குப் போய் எடுத்துத் தந்தார். வட்டி இல்லை, எழுத்து இல்லை. போய்வந்த கூலியில் இருபது ரூபாய் நிறுத்தினார். நான் வாய்விட்டு அழுதேன்.

“என்னாடா, இருவது ரூவாய்க்கா அழுவுற?”

அதன் பிறகு இரண்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். நிலைமை சரியாகி வந்தது. இரண்டாயிரம் மிச்சமிருந்தபோது அக்கா, “போதும், அது கெடக்கட்டும், இனி தராத” என்றார். அதுதான் எனக்கு வினை.

அந்தச் சமயம் மேல் லயத்தில் ஒரு சாவு. மண் எடுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள், செத்தவர் யார் யாருக்குத் தர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் என் மகன் நின்றான். அவனும் எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து ஒரே யோசனைதான். நான் திடீரென்று போய்விட்டால்? அக்காவும் போய்ச் சேர்ந்து, அவர் மகள் வந்து, “எங்கம்மாவுக்கு எவ்வளவு குடுக்கணும்?” என்று கேட்டால்? இரண்டாயிரம்தான் என்று யார் சொல்வது? அறுபதாயிரமும் அப்படியே இருக்கிறது என்றால்? என் மகன் “என் பேர்ல எழுதுங்க” என்று சொல்லிவிடுவானோ? அக்காவின் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் பயத்துக்கு ஆளைத் தெரியாது.

அப்படித்தான் நாங்கள் ஐந்து பேரும் அக்காவின் இஸ்தோப்பில் உட்கார்ந்தோம்.

“என்னத்துக்குப்பா வரச் சொன்ன? அக்காவோட சண்டையா?” என்றார் தலைவர்.

“இல்லண்ணே. கணக்கு முடிக்கணும்.”

அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுத் தன் கோப்பையோடு உட்கார்ந்தார். நான் இரண்டாயிரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஐந்நூறை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இத வச்சுக்க.”

“இல்லக்கா, முழுசா.”

“நூறாச்சும் வச்சுக்கடா.”

“வேணாங்க்கா.”

“அம்பது.”

மச்சான் சிரித்துவிட்டான். “என்னாக்கா, ஏலமா விடுறீங்க? தலைகீழா போவுது.”

அக்கா சிரிக்கவில்லை. “பத்து ரூவா. பத்து ரூவாய்க்கு ஒன் வீட்டு நெருப்பா அணையப் போவுது?”

என் மனைவி என் முதுகில் விரலால் அழுத்தினாள். நான் அந்த ஐந்நூறையும் அவர் பக்கமே தள்ளினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஆட்டோ கூலியில ஒங்க பாக்கி இருவது இருக்குக்கா. அதையும் நான் விட்டுட்டேன். ரெண்டு பக்கமும் ஒன்னும் இல்ல. தீந்துச்சுன்னு சொல்லுங்கக்கா. இவங்க முன்னால.”

தலைவர் தரையைப் பார்த்தார். எதிர் வாசலில் சோறூட்டின கை நின்றது. அக்கா கோப்பையை எடுத்து, கடைசி வாய் வரைக்கும் குடித்துக் கவிழ்த்து வைத்தார்.

“தீந்துச்சு.”

அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பிரேக்கைப் பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா என் ஆட்டோவில் ஏறுவதில்லை. கோபம் காட்டினாரா என்றால் இல்லை. பார்த்தால் பேசுவார், மகன் படிப்பை விசாரிப்பார். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பார். நான் பக்கத்தில் நிறுத்தி “ஏறுங்கக்கா” என்றால், “பஸ்ஸு வருதுடா, நீ போ” என்பார். ஒரே ஒரு தடவை மழை அடித்து ஊற்றிய நாளில் ஏறினார். இறங்கும்போது அறுநூறு ரூபாய் கொடுத்தார். ஆறு நூறு ரூபாய்த் தாள், நான் எண்ணும்வரை நின்றார்.

“சரியா இருக்காங்க தம்பி?”

இருக்காங்க. ‘டா’ போய் ‘ங்க’ வந்திருந்தது, என்னிடம் அவர் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பணத்தை அன்று முழுவதும் செலவழிக்கவில்லை. மறுநாள் பெட்ரோலுக்குக் கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்வது.

பிறகு அந்தக் காலை. எனக்கு எதிர்க் காம்பராவின் மருமகள் சொல்லித்தான் தெரியும். அக்கா எழுந்திருக்கும்போதே வலது கை மரத்துப்போயிருந்திருக்கிறது. கோப்பை கையிலிருந்து நழுவி உடைந்த சத்தத்தில் இவள் ஓடிப்போயிருக்கிறாள். பேச்சு லேசாகக் குழறியிருக்கிறது. என் ஆட்டோ எங்கள் கீழ் லயத்துக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றது. நான் உள்ளே பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணனக் கூப்புடுறேன்க்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“வேணாம்.”

“ஏன்க்கா?”

“அவனுக்கும் எனக்கும் ஒன்னும் இல்ல. என்னா பாத்தியத்துல கூப்புடுறது? பஸ்ஸுல போய்க்கிறேன்.”

அந்தச் சொல் எனக்குத் தெரிந்ததுதான். பாத்தியம். நிலத்துக்குச் சொல்வோம், சொத்துக்குச் சொல்வோம். என்மேல் அவருக்கு அது இருந்திருக்கிறது. அதைத்தான் இரண்டாயிரம் கொடுத்து, சாட்சி வைத்து, நான் திருப்பி வாங்கியிருக்கிறேன்.

ரோட்டுவரை இறங்கி நடந்திருக்கிறார். பஸ் நிற்கும் ஹோல்டில் விழுந்தார். மரக்கறி லொறி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. செய்தி கேட்டு நான் பின்னாலேயே ஓட்டினேன். ஆஸ்பத்திரியில், இன்னும் நேரத்தோடு கொண்டுவந்திருக்க வேண்டும் என்று யாரோ யாரிடமோ சொன்னது கேட்டது. என்னிடம் சொல்லவில்லை. நான் அதை எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

வலது கையும் பேச்சும் போயின. கினிகத்தேனையில் இருக்கும் மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அக்காவின் காம்பரா பூட்டிக் கிடந்தது. அந்த மழைக்காலத்தில் வாசலில் புல் முளைத்தது. நான் ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். “இப்ப செதுக்கி என்னாண்ணே?” என்றாள் எதிர்க் காம்பராக்காரி. கேட்காத மாதிரி செதுக்கிவிட்டு வந்தேன்.

கினிகத்தேனைக்குப் போக எனக்குப் பல நாள் பிடித்தது. போய் என்ன சொல்வது என்று யோசித்தே பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். கடைசியில் என் மனைவிதான் பழம் வாங்கிக் கையில் கொடுத்து, “போங்க. ஒன்னும் பேச வேணாம். போய் நில்லுங்க” என்றாள். அன்று முதுகில் அழுத்தியதை அவளும் மறக்கவில்லை.

அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் சொன்னாள்: “நல்ல நேரம் வந்தீங்கண்ணே. இன்னைக்குக் கிளினிக். ஆட்டோ ஒன்னு பேசணும்னு இருந்தேன்.”

“நான் வந்திருக்கேன்ல.”

தூக்கித்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மெதுவாக ஓட்டினேன். கண்ணாடியில் அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்து கதிரையில் உட்கார வைத்ததும், இடது கையால் மகளிடம் பர்ஸைக் காட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எவ்வளவு என்று அர்த்தம்.

வேணாங்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்றால் மறுபடியும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

“முன்னூறுக்கா.”

பர்ஸின் சிப்பைத் திறக்கவே அவருக்கு வெகுநேரம் ஆனது. மகள் உதவப் போனாள், கையைத் தட்டிவிட்டார். நூறு ரூபாய்த் தாள் ஒன்று. இன்னொன்று. ஐம்பது. இருபது. பிறகு பத்து ரூபாய் நாணயக் குற்றி. அவ்வளவுதான். பர்ஸை மூடினார். உள்ளே இன்னும் தாள்கள் இருந்ததை நான் பார்த்தேன்.

“அம்மா, இருவது கொறையுது” என்று மகள் பர்ஸை வாங்கப் போனாள். அக்கா விடவில்லை.

“இருக்கட்டும்மா” என்றேன். “இருக்கட்டும்.”

வாசலுக்கு வந்தபோது மகள் மெதுவாகச் சொன்னாள்: “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அம்மாவுக்கு இப்ப கணக்கு வர்றதில்ல. நேத்து பாண்காரனுக்கு நூறு ரூவா கூடக் குடுத்துட்டாங்க.”

திரும்பிப் பார்த்தேன். அக்கா ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். எனக்குத் தெரிந்தது வாய் இழுத்துப்போன பக்கம் மட்டும். அது சிரிப்பா, இல்லை அந்த வாய் எப்போதும் அப்படித்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹட்டன் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். கணக்குத் தவறியிருக்கலாம். கைக்கு அந்தத் தாள் எட்டாமல் போயிருக்கலாம். இன்றைக்கும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். எனக்கு நல்லதாக இருப்பதை நம்ப எனக்கு உரிமை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. கினிகத்தேனையில்தான் அடக்கம். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். மாலை போட்டுவிட்டு ஒதுங்கி நின்றபோது அக்காவின் மகள் அழுத கண்ணோடு வந்து, என் கையில் ஒரு தாளைத் திணித்தாள்.

“அன்னைக்குக் கொறைஞ்சதுண்ணே. அம்மா யாருக்கும் கடன்காரியா போவக் கூடாது.”

என் மகன் என்னைப் பார்த்தான். நான் அந்தத் தாளை மடித்து, மறுபடியும் அவள் கையிலேயே வைத்து மூடினேன்.

“ஒங்கம்மாகிட்ட நான் வாங்கிக்கிறேன்மா. நீ தராத.”

அக்கா எனக்குத் தர வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது. இருபது ரூபாய்.